அறியாத துறையில் நேர்முகப் பரீட்சை: ஆற்றலும் அமானிதமும்



க.பொ.த. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுடன் வீட்டில் இருக்கும் பிள்ளை, பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஒரு விண்ணப்பம் அனுப்புகின்றது. அரபுக் கல்லூரியில் பல வருடங்கள் ஓதிப் பட்டம் பெற்று வெளியேறிய இளைஞர், தான் ஒருபோதும் அறிந்திராத ஒரு துறைக்கு விண்ணப்பிக்கின்றார். சில வாரங்கள் கழித்து நேர்முகப் பரீட்சைக்கு வருமாறு அழைப்பு வருகின்றது. உம்மாவின் முகம் மலர்கின்றது. ஆனால் அழைக்கப்பட்டவரின் நெஞ்சில் அன்றிரவே ஓர் அச்சம் குடிகொண்டுவிடுகின்றது. 'அந்தத் தொழிலைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே! அனுபவம் உண்டா என்று கேட்டால் என்ன சொல்வேன்?'

இந்த அச்சத்தின் வாசல் வழியாகத்தான் பல நேரங்களில் ஒரு தவறான ஆலோசனை உள்ளே நுழைகின்றது. "தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் இரண்டு வருடம் வேலை செய்ததாக ஒரு கடிதம் வாங்கிக்கொள். யார் தேடப்போகிறார்கள்?" என்று நண்பர் கூறுவார். சில வேளை வாப்பாவே கூறிவிடுவார். வாழ்நாள் முழுவதும் உண்ணப்போகும் சம்பளத்தின் முதற்கல்லே பொய்யாக அமைந்துவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கின்றது. எனவே, அனுபவம் இல்லாத ஒருவர் அறியாத ஒரு துறையின் வாசலில் எதனை எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதை நிதானமாகச் சிந்திப்போம்.

மத்யனில் தொழில் பெற்றவர்

அல்குர்ஆனின் 28ஆவது அத்தியாயமான ஸூறதுல் கஸஸ், ஒருவர் தொழிலுக்கு அமர்த்தப்பட்ட வரலாற்றை நமக்குச் சொல்கின்றது. மூஸா (அலை) அவர்கள் பிர்அவ்னின் மாளிகையில் வளர்ந்தவர்கள். எகிப்திலிருந்து உயிருக்கு அஞ்சி வெளியேறி மத்யன் நகரின் நீர்நிலையை அடைகின்றார்கள். கையில் பொருளில்லை, ஊரில் உறவில்லை, அறிமுகக் கடிதம் தருவதற்கு ஒருவருமில்லை. அங்கே ஆண்கள் தத்தமது கால்நடைகளுக்கு நீர் புகட்டிக்கொண்டிருக்க, இரு பெண்கள் தமது ஆடுகளைத் தடுத்து வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கின்றார்கள். காரணத்தை விசாரித்த மூஸா (அலை) அவர்கள், அப்பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிக் கொடுத்துவிட்டு, கூலி எதுவும் கேளாமல் நிழலின்பால் ஒதுங்குகின்றார்கள். தன்மீது இறக்கப்படும் எந்த நன்மைக்கும் தான் தேவையுடையவனாக இருப்பதாக றப்பிடம் முறையிடுகின்றார்கள்.

பின்னர் அப்பெண்களின் தந்தை அவர்களை அழைக்கின்றார். அவர் ஷுஐப் (அலை) அவர்கள்தான் எனக் கூறுவோரும் உளர்; அல்குர்ஆன் அவருடைய பெயரைக் குறிப்பிடவில்லை. அப்போது மகள்மாரில் ஒருவர் இவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளுமாறு தந்தையிடம் கூறி, அதற்கு இரண்டு காரணங்களை முன்வைக்கின்றார். ஒன்று, இவர் ஆற்றல் உள்ளவர். மற்றது, நம்பிக்கைக்குரியவர்.

வாசகர்களே! இங்கே நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. மூஸா (அலை) அவர்களுக்கு இதற்கு முன் ஆடு மேய்த்த அனுபவம் இருந்ததா என்பது அந்த உரையாடலில் இடம்பெறவேயில்லை. அவ்விரு பண்புகளையும் அப்பெண் வெறும் வார்த்தையில் கேட்கவில்லை. நீர்நிலையின் அருகே கண்ணால் கண்டிருந்தார். தொழில் வழங்குநர் எவராயினும், எந்தக் காலத்தவராயினும், அவர் உள்ளத்தில் இருப்பவை இந்த இரண்டு வினாக்களே: 'இவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா? இவரை நம்பலாமா?' அனுபவம் என்பது இவ்விரண்டுக்கும் கிடைக்கும் ஒரு சாட்சி. அது ஒன்றே சாட்சியல்ல. அனுபவம் இல்லாதவர் வேறு சாட்சிகளைத் தேடிக் கொண்டுவர வேண்டும். பொய்ச் சாட்சியைக் கொண்டுவரக் கூடாது.

ஈரத்தை மேலே வையுங்கள்

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி கூறினார். மக்கள் பார்க்கும்படியாக அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே எனக் கேட்டு, மோசடி செய்பவரைத் தம்மைச் சேர்ந்தவரல்ல என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

சுயவிபரக் கோவையும் ஒரு தானியக் குவியல்தான். அனுபவமின்மை அதன் ஈரம். அதனை அடியில் மறைத்து, மேலே பொய்யான கடிதத்தைப் பரப்பி வைப்பவர் அந்த வியாபாரியின் இடத்தில் நிற்கின்றார். நேர்முகப் பரீட்சை நடத்துபவர் உள்ளே கையை விடுவதற்கென்றே அங்கு அமர்ந்திருக்கின்றார் என்பதையும் மறந்துவிடலாகாது. கடிதத்திலுள்ள இலக்கத்திற்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அல்லது அந்தத் தொழிலின் நடைமுறை பற்றிய ஒரு சிறு வினா போதும், ஈரம் வெளிப்பட்டுவிடும். அதன்பின் உங்களது உண்மையான சான்றிதழ்களும் சந்தேகத்திற்குரியனவாகிவிடும்.

கடிதம் எழுதிக்கொடுக்கும் கடை உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அதனை உதவி என எண்ணுகின்றீர்கள். ஆனால் நபி (ஸல்) அவர்கள் பெரும்பாவங்களை எடுத்துக் கூறிவருகையில், சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து பொய்ச் சாட்சியத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். கையொப்பமும் முத்திரையும் இட்ட கடிதம் ஒரு சாட்சியமேயன்றி வேறென்ன?

அதேவேளை, உண்மையிலேயே கைத்தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதோர் நம்மிடையே ஏராளம். வாப்பாவின் வாகனத் திருத்துமிடத்தில் வளர்ந்தவர், பேக்கரியில் நின்றவர், வீட்டில் தையல் கற்ற சகோதரி ஆகியோருக்கு நேர்வழி திறந்தே இருக்கின்றது. நமது நாட்டின் தேசிய தொழில் தகைமை முறையில் 7 மட்டங்கள் உள்ளன. பாடநெறி எதனையும் பின்பற்றாமல் வேலையின் மூலமே திறமை பெற்ற ஒருவர், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் மதிப்பீட்டுக்குத் தோற்றி அச்சான்றிதழைப் பெறலாம். இது பற்றித் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிலோ, தொழிற் பயிற்சி அதிகார சபையிலோ விசாரித்துக்கொள்ளுங்கள். ஹலாலான சான்றிதழுக்கு வழி இருக்கையில் பொய்க் கடிதத்திற்கு என்ன தேவை?

பதினைந்து நாட்களில் என்ன கற்கலாம்?

இனி, ஆற்றல் என்ற முதலாவது பண்புக்கு வருவோம். மதீனாவில் ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்கள் வயதில் மிக இளையவராக இருந்தபோது, யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவர்களுடன் நடைபெறும் கடிதத் தொடர்புகளுக்கு நம்பிக்கையான ஒருவர் தேவைப்பட்டார். அது ஸைத் (ரழி) அறிந்திராத துறை. ஏறக்குறைய 15 நாட்களில் அதனைக் கற்றுத் தேர்ந்ததாக திர்மிதியில் இடம்பெறும் அறிவிப்பு கூறுகின்றது. அழைப்பு வந்த நாளுக்கும் பரீட்சை நாளுக்கும் இடையில் உங்களுக்கும் சில நாட்கள் இருக்கும். அந்த நாட்களில் நீங்கள் நிபுணராகிவிட முடியாது. ஆனால் அத்துறையின் மொழியில் பேச ஆரம்பித்துவிட முடியும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு, கொழும்பிலுள்ள சரக்கு அனுப்பும் முகவர் நிறுவனம் ஒன்றில் ஆவணப் பிரிவுப் பயிலுநர் வேலைக்கு அழைப்பு வந்திருப்பதாகக் கொள்வோம். அவர் துறைமுகத்தைக் கண்டதுகூட இல்லை. அவர் என்ன செய்யலாம்?

முதலாவது, அந்நிறுவனம் எதனால் வருமானம் பெறுகின்றது என்பதை ஒரே வசனத்தில் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். இத்தகைய முகவர்களிடம் பொதுவாகச் சொந்தக் கப்பல் இருப்பதில்லை. ஏற்றுமதி, இறக்குமதி செய்வோருக்காகக் கப்பலில் இடம் பதிவு செய்து, ஆவணங்களைத் தயாரித்து, சுங்கத்தினூடாகப் பொருளை வெளியேற்றிக் கொடுப்பதே அவர்களின் தொழில்.

இரண்டாவது, அத்துறையின் பத்து அடிப்படைச் சொற்களையேனும் அறிந்திருக்க வேண்டும். 20 அடிக் கொள்கலன் ஒரு 'டீ.ஈ.யூ.' எனக் கணக்கிடப்படும். 40 அடியாயின் அது இரண்டு. 'பில் ஒப் லேடிங்' என்பது பொருள் கப்பலில் ஏற்றப்பட்டதற்கான பற்றுச்சீட்டாகவும், கொண்டு செல்லும் ஒப்பந்தத்தின் சான்றாகவும், பொருளின் மீதான உரிமையைக் காட்டும் பத்திரமாகவும் அமையும். 'எப்.ஓ.பீ.' விலையில் கப்பல் கட்டணம் வாங்குபவரைச் சாரும், 'சீ.ஐ.எப்.' விலையில் கப்பல் கட்டணமும் காப்புறுதியும் விற்பவர் செலுத்துவதாக அடங்கியிருக்கும். பொருட்களை இனங்காணும் 'எச்.எஸ்.' குறியீட்டின் முதல் 6 இலக்கங்கள் உலகெங்கும் பொதுவானவை; தேயிலை 0902 என்ற தலைப்பிலும் கறுவா 0906 என்ற தலைப்பிலும் வருகின்றன. சுங்கப் பிரகடனத்தை இத்துறையினர் 'கஸ்டெக்' என்பர்.

மூன்றாவது, அத்துறையின் இன்றைய நிலை. கொழும்புத் துறைமுகம் கிழக்கு மேற்குக் கடற்பாதைக்கு அண்மையில் அமைந்திருப்பதால், இங்கு கையாளப்படும் கொள்கலன்களில் பெரும்பாலானவை வேறு நாடுகளுக்கு மாற்றி ஏற்றப்படுபவை. அரச துறைமுக அதிகார சபையின் முனையங்களுடன், தனியார் பங்களிப்புடனான முனையங்கள் 1999, 2013, 2025 ஆகிய ஆண்டுகளில் இயங்கத் தொடங்கின. இத்தனையையும் ஒரு கையடக்கத் தொலைபேசியும் ஒரு கொப்பியும் கொண்டு ஒரு வாரத்தில் தேடிக்கொள்ளலாம். அத்துடன் ஊரில் அத்துறையில் உள்ள ஒருவரைச் சந்தித்து, "உங்கள் வேலையில் ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது? புதிதாக வருபவர் செய்யும் தவறுகள் யாவை?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்துக் கட்டுரைகள் தராத அறிவை அந்த அரை மணித்தியாலம் தந்துவிடக்கூடும்.

நான்காவது, தொழில் வழங்குநரின் அச்சத்தை அறிதல். அனுபவம் இல்லாதவரைச் சேர்க்க அவர் ஏன் தயங்குகின்றார்? மேற்சொன்ன தொழிலில், பொருளைப் பெறுபவரின் பெயரிலோ எடையிலோ ஏற்படும் ஒரு சிறு பிழை கொள்கலனைத் துறைமுகத்தில் தடுத்துவிடலாம். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் ஏறும். எனவே அவர் தேடுவது திறமைசாலியை மட்டுமல்ல. கவனமானவரை, பிழை நேர்ந்தால் மறைக்காமல் உடனே அறிவிப்பவரை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியும் எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்பது பற்றியும் பேசுகின்றது. அதனை ஓதிய ஒருவருக்கு ஆவணப் பிரிவு முற்றிலும் அந்நியமான இடமாகுமா?

வங்கி, வைத்தியசாலை, ஹோட்டல், கணினித் துறை என எத்துறையாயினும் இந்நான்கையும் தேடிக்கொள்ளுங்கள்: அதன் வருமானம் எங்கிருந்து வருகின்றது, அதன் சொற்கள் எவை, அதன் இன்றைய நிலை என்ன, அதன் அச்சம் யாது?

உங்கள் நீர்நிலை எது?

மூஸா (அலை) அவர்களுக்கு மத்யனின் நீர்நிலை சாட்சியானது. உங்களுக்கும் ஒரு நீர்நிலை இருக்கும். றமழான் 30 நாட்களும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி பங்கிட்டவர், அரிசி, விறகு, செலவு, ஆட்கள் என நேரந்தவறாத ஒரு காரியத்தை நிர்வகித்திருக்கின்றார். ஸக்காத் குழுவில் பெயர்ப்பட்டியல் தயாரித்தவர், ஏழைகளின் இரகசியத்தையும் பிறர் பணத்தையும் பாதுகாத்திருக்கின்றார். வாப்பாவின் கடையில் கடன் கொப்பி எழுதியவர் கணக்கை அறிவார். நோயாளியான உம்மாவின் மருந்துகளை வேளை தவறாமல் கொடுத்த மகள் பொறுப்பை அறிவாள்.

இவற்றை அளவோடும் விபரத்தோடும் கூறுங்கள். "நான் பொறுப்பானவன்" என்பது வெறும் உரிமைகோரல். "இரண்டு வருடங்கள் எமது விளையாட்டுக் கழகத்தின் பொருளாளராக இருந்தேன், ஒவ்வொரு மாதமும் கணக்கறிக்கையை எழுதி ஒப்படைத்தேன், அது இதோ" என்பது சாட்சி.

தன்னைத் தானே புகழ்வது பெருமையாகாதா எனச் சில இளைஞர்கள் தயங்குவர். யூஸுப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு கேட்டபோது, பேணிக் காக்கும் தன்மையும் அறிவும் தம்மிடம் உள்ளன என்பதைத் தாமே எடுத்துரைத்தார்கள். தேவையான இடத்தில், உள்ளதை உள்ளபடி கூறுவது பெருமையன்று. இல்லாததைக் கூறுவதே பிழை.

பரீட்சை அறையில்

முந்திய நாளே இடத்தையும் பஸ் வழியையும் அறிந்துகொள்ளுங்கள். அரை மணித்தியாலம் முன்னதாகச் சென்றடையுங்கள். மூலப் பிரதிகளையும் நிழற்பிரதிகளையும் ஒழுங்காக அடுக்கி வையுங்கள். உடை சுத்தமாக இருந்தால் போதும். கடன்பட்டு வாங்கிய உடை தேவையில்லை. மூஸா (அலை) அவர்கள் பிர்அவ்னிடம் செல்லுமுன், நெஞ்சை விரிவாக்கி, காரியத்தை இலேசாக்கி, நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுமாறு கேட்ட துஆ ஸூறது தாஹாவில் உள்ளது. அதனை மனனமிட்டு வாசலில் ஓதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உங்களை அறிமுகப்படுத்தும் ஐந்து வசனங்களையும் வாய்விட்டுப் பழகியிருங்கள். துஆ முயற்சியின் இடத்தைப் பிடிப்பதில்லை. முயற்சியோடு சேர்ந்து நடக்கின்றது.

"உங்களுக்கு அனுபவம் இல்லையே, ஏன் உங்களைச் சேர்க்க வேண்டும்?" என்ற வினா நிச்சயம் வரும் என எண்ணிச் செல்லுங்கள். பதிலை மூன்று படிகளில் அமையுங்கள். முதலில் ஈரத்தை மேலே வையுங்கள்: "ஆம், இத்துறையில் நான் இதுவரை பணியாற்றியதில்லை." அடுத்து, தேடிக் கற்றதைக் கூறுங்கள்: "எனினும் அழைப்பு வந்த நாள் முதல் இவற்றை வாசித்தேன், இன்னாரைச் சந்தித்து இதனை விளங்கிக்கொண்டேன்." இறுதியில் உங்கள் நீர்நிலையைக் காட்டுங்கள்: "கவனமாகச் செய்ய வேண்டிய இந்தக் காரியத்தை இத்தனை காலம் செய்திருக்கின்றேன்." தெரியாத வினா வந்தால் தெரியாது எனக் கூறி, அதனை எங்கே தேடுவீர்கள் என்பதையும் சேர்த்துக் கூறுங்கள். நமது உலமாக்கள் அறியாததை அறியேன் என்று கூறுவதை அறிவின் ஒரு பகுதியாகவே கருதி வந்துள்ளனர்.

நீங்களும் கேளுங்கள். முதல் மூன்று மாதங்களில் பயிலுநர் எதனைக் கற்றிருக்க வேண்டும், யாரிடம் கற்பார் என்று கேட்பது நற்பண்பே. நியமனக் கடிதம், தகுதிகாண் காலம் ஆகியன பற்றியும் விசாரியுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8ம் தொழில் வழங்குநரின் பங்காக 12ம், ஊழியர் நம்பிக்கை நிதியத்திற்கு அவரது பங்காக 3ம் செலுத்தப்பட வேண்டும் என்பதை அறிந்திருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ பற்றிய விடயத்தை மறைக்காமலும் சண்டையாக்காமலும், செலவாகும் நேரத்தை எவ்வாறு ஈடுசெய்வீர்கள் என்ற யோசனையோடு முன்வையுங்கள்.

பெற்றோர்களே!

பிள்ளையின் நேர்முகப் பரீட்சைக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி, அரசியல்வாதியின் கடிதத்தைத் தேடி அலைவதல்ல. இரவுணவின் பின் பிள்ளையை முன்னால் அமர்த்தி அரை மணித்தியாலம் வினாக்களைக் கேளுங்கள். தடுமாறினால் சிரிக்காதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தை அன்றிரவு பேசாதீர்கள். மகள் செல்வதாயின் இடம், நேரம், போக்குவரத்து ஆகியவற்றை முன்கூட்டியே உறுதி செய்து, தேவையெனில் கூடவே சென்று வாசலில் காத்திருங்கள். காத்திருக்கும் வாப்பா மகளுக்குப் பலம். ஆனால் அறையினுள் அவளுக்காகப் பதில் சொல்லும் வாப்பா அவளுக்குத் தடை.

நேர்முகப் பரீட்சைக்கென்றோ, இடத்தை உறுதி செய்வதற்கென்றோ பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வெளிநாட்டு வேலையாயின், அம்முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் பெற்றவரா, அந்த வேலைக்கு அங்கீகாரம் உண்டா என்பதைப் பணியகத்திடமே கேட்டு உறுதி செய்யாமல் கடவுச்சீட்டையோ பணத்தையோ கொடுத்துவிடாதீர்கள். நகையை அடகு வைத்து ஏமாந்த குடும்பத்தின் கண்ணீர் எளிதில் காய்வதில்லை.

கிடைக்காவிட்டால்?

முதல் முயற்சியில் கிடைக்காமலும் போகலாம். அன்றிரவே, கேட்கப்பட்ட வினாக்களையும் தடுமாறிய இடங்களையும் எழுதிவையுங்கள். அடுத்த பரீட்சைக்கு அதுவே பாடநூல். பொய் சொல்லியிருந்தால் கிடைத்திருக்குமே என்ற எண்ணம் உள்ளத்தில் எழக்கூடும். அப்படிக் கிடைத்த தொழிலில், உண்மை எப்போது வெளிவருமோ என்ற பயத்துடன் ஒவ்வொரு காலையும் காரியாலயப் படியேறுவது எத்தகைய வாழ்க்கை என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

மூஸா (அலை) அவர்கள் மத்யனில் எட்டு வருடங்கள், விரும்பினால் பத்து வருடங்கள் என்ற ஒப்பந்தத்தில் பணியாற்றினார்கள். பிற்காலத்தில் அவர்களது கையிலிருப்பது என்னவென்று அல்லாஹ் வினவியபோது, அது தமது கைத்தடி என்றும், அதில் சாய்ந்துகொள்வதாகவும், ஆடுகளுக்கு அதனால் இலை பறித்துப் போடுவதாகவும் பதிலளித்தார்கள். மாளிகையில் வளர்ந்தவரின் நாவில் ஓர் இடையரின் பேச்சு இயல்பாகவே வந்துவிட்டது. அறியாத துறை அவ்வாறுதான் ஒருவருக்குச் சொந்தமாகின்றது.

அறிந்தவற்றைக் கொண்டு பயனடையவும், அறியாதவற்றைக் கற்றுக்கொள்ளவும், ஹலாலான உழைப்பில் பறக்கத்தைப் பெறவும் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.